நான் யார்? – ஒரு குறுநூலின் வரலாறு

ரமண மகரிஷியின் உபதேசங்களில் இன்று மிகுதியாகப் படிக்கப்படும் ‘நான் யார்?’ ஒரு அரசு ஊழியரின் கேள்விகளிலிருந்து பிறந்தது. தத்துவம் படித்த பட்டதாரியான சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றியவர். அலுவலாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், 1901–02 காலத்தில் அருணாசல மலையின் விருபாட்ச குகையில் இருந்த இளந்துறவியைக் கண்டார்.

அத்துறவிக்கு அப்போது வயது 22. மதுரையில் 1896 ஜூலையில் மரண அனுபவம் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த வேங்கடராமன்தான் அவர். சேர்வராயன் மலை உச்சியிலும் குகைக்கோயில் உண்டு. அங்கே மக்கள் வேண்டுதலோடு கூடுவர். விருபாட்ச குகையிலோ பேசாத ஒருவர் இருந்தார். மௌன விரதம் ஏதும் அவர் பூண்டிருக்கவில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவே. ஆகவே பிள்ளையின் கேள்விகளுக்கு விடைகள் எழுத்தில் வந்தன.

நூலின் மையக் கருத்து எளியது. ஆன்மா புதிதாகப் பெற வேண்டிய பொருளன்று. எண்ணம் எழும்போதெல்லாம் அது யாருக்கு எழுந்தது என்று உள்ளே திரும்ப வேண்டும். பிணம் எரிக்கும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதுபோல, ‘நான் யார்’ என்னும் எண்ணமும் பிற எண்ணங்களை அழித்துத் தானும் அழியும். தன் உண்மை இயல்பை இடைவிடாது நினைந்திருத்தலை நூல் ‘சொரூப ஸ்மரணை’ என்கிறது; அது ஒன்றே போதுமானது என்றும் சொல்கிறது. இங்கு நினைத்தல் என்பது பழையதொன்றை ஞாபகப்படுத்திக்கொள்வதன்று. மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான்.

உடல் நானல்ல, புலன்கள் நானல்ல என்று தொடக்கத்தில் நீளும் பட்டியல், பிள்ளை தம் தெளிவுக்காகச் சேர்த்தது என்பது ரமண நூல்களை ஆய்ந்தோர் கருத்து. பட்டியலை மனப்பாடம் செய்வதே விசாரணை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

விடைகள் கிடைத்ததும் பிள்ளையின் மனம் அடங்கிவிடவில்லை. 1910 வரை வேலையில் நீடித்தார். 1913இல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொள்வதா என்று தவித்தார், இறுதியில் செய்துகொள்ளவில்லை. தம்மிடமிருந்த விடைகளை அவர் நூலாக வெளியிட்டது 1923இல்தான். பின்னர் ரமணரே அதைக் கட்டுரை வடிவில் திருத்தி எழுதினார். எல்லா உயிர்களும் துன்பமற்ற இன்பத்தையே விரும்புகின்றன எனத் தொடங்கும் முதற்பத்தி அப்போது சேர்ந்தது.