கணிப்பொறி எண்ணும் எழுத்து

சிங்கப்பூரில் புக்கிட் மேரா என்றொரு வட்டாரம் உண்டு. மலாய் மொழியில் செங்குன்று என்பது இதன் பொருள். இப்பெயரில் எழுத்து எத்தனை எனத் தமிழ் பயிலும் சிறுவனைக் கேட்பின், விரல்விட்டு எண்ணி ஆறு என்பான். பைத்தான் என்னும் நிரல்மொழியோ, இடைவெளி நீங்கலாகப் பன்னிரண்டு என்னும். இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது?

நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் கருவித் தொகுதியைச் செந்தர நூலகம் என்பர். 1991-இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், இந்நூலக வளத்தாற் பெயர் பெற்றது. நாட்காட்டிக்கும் மின்னஞ்சலுக்கும் அதனுள் கருவிகள் உண்டு. எழுத்தை எழுத்தாகப் பிரித்தெண்ணும் கருவியோ, 2025-இல் வெளிவந்த 3.14ஆம் பதிப்பு வரை அதில் இடம்பெறவில்லை.

பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை. அதே 1991-இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கு இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதன்படி ‘க’ ஒரு குறியீடு, ‘கி’ இரண்டு, புள்ளி பெற்ற ‘க்’ என்பதும் இரண்டு.

உயிர்மெய்யைப் பிரிப்பது நமக்குப் புதிதன்று என்பார் உளர். உண்மையே. தொல்காப்பியர் முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 என வகுத்தார். உயிர்மெய்யை மெய்யும் உயிரும் கூடியதாகவே கொண்டார். ஆயின், அவருக்கு ‘க்’ ஒன்று; ‘க’ இரண்டன் கூட்டம். கணிப்பொறியில் இது தலைகீழாயிற்று. வரிவடிவம் நோக்கப்பட்டது, இலக்கணம் நோக்கப்படவில்லை.

வரிசையும் பிறழ்ந்தது. இந்திய எழுத்துகள் பலவற்றிற்கும் ஒரே ஒழுங்கு வகுத்தமையால், வகரத்திற்கு முன்னே ழகரம் அமைந்தது. அகராதியில் ‘பவளம்’ முந்தும். பைத்தானின் இயல்பான வரிசையில் ‘பழம்’ முந்தும்.

எண்ணிக்கைக் குறை தீராத குறையன்று. 2014-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சுவிப்டு மொழியில், ‘கி’ ஓர் எழுத்தே. புக்கிட் மேரா ஆறெழுத்தே. பைத்தானுக்கு முத்து அண்ணாமலை முதலியோர் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தனித் தொகுதியைச் செய்தளித்தனர். நா. கோவிந்தசாமி போன்றோரின் முயற்சியால், 1997-இலேயே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடி இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்ததும் நினைக்கத்தக்கது.

எல்லார்க்கும் வேண்டுவது நூலகத்தினுள். சிலர்க்கே வேண்டுவது வெளியே என்பது பொதுவிதி. அச்சிலருள் தமிழரும் வைக்கப்பட்டனர். நிரல் பயிலும் மாணவனிடம் கணிப்பொறி ‘தமிழ்’ என்பதற்கு ஐந்து எனக் கூறுங்கால், மூன்று என்னும் தன் கணக்கை அவன் ஐயுறலாகாது. அது குறியீட்டின் கணக்கு. எழுத்தின் கணக்கன்று என விளக்குதல் தமிழாசிரியர் கடன்.