உணவுக் கால்வாயின் ஆரம்பக் கட்டிகள்: கமராக் குழாய் மூலம் அகற்றிய பிறகு ஏன் தொடர்ந்து பார்க்க வேண்டும்?

வாய் வழியாகவோ மலவாசல் வழியாகவோ கமராக் குழாயை விட்டுக் கட்டியை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் வெட்டில்லை, தையலில்லை. சில நாட்களில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் ஏன் மறுபடியும் மறுபடியும் அதே பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்? இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்கும் நியாயமான கேள்வி இது.

இதற்கான பதில், ஜப்பான், கொரியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் நோயாளிகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து எழுதிவைத்த பதிவுகளில் இருக்கிறது.

என்ன சிகிச்சை இது?

உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் சுவர் பல படைகளால் ஆனது. புற்றுநோய் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில்தான் தொடங்குகிறது. அந்தச் சவ்வுக்குள்ளேயே அது இருக்கும்வரை நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கட்டத்தில் இரைப்பையையோ குடலையோ வெட்டி அகற்றாமல், நோயுள்ள பகுதியை மட்டும் உள்ளிருந்தே உரித்தெடுக்கலாம்.

சிறிய கட்டிகளையும் பொலிப்புகளையும் சுருக்குக் கம்பியால் இறுக்கி வெட்டுவது ஒரு முறை. கட்டியின் அடியில் திரவம் ஏற்றி அதை உயர்த்தி, சுற்றிலும் மின்கத்தியால் கீறி, ஒரே துண்டாகப் பிரித்தெடுப்பது இன்னொரு முறை. ஈ.எஸ்.டி. எனப்படும் இந்த இரண்டாவது முறை 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் வளர்ந்தது.

எடுத்த துண்டு சொல்லும் செய்தி

கட்டி வெளியே வந்ததும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அந்தத் துண்டு நோயியல் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அங்கே முக்கியமாக நான்கு விடயங்கள் பார்க்கப்படுகின்றன: கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா, நிணநீர்க் குழாய்களுக்குள்ளோ குருதிக் குழாய்களுக்குள்ளோ புகுந்திருக்கிறதா, கலங்கள் எவ்வகையானவை.

இவை திருப்தியாக இருந்தால் அது முழுமையான அகற்றல். இல்லாவிட்டால், கமராவின் கண்ணுக்கு எட்டாத நிணநீர்க் கணுக்களில் நோய் ஒளிந்திருக்கலாம். ஆனால் இப்படி ‘முழுமையற்றது’ என்று வந்த எல்லோருக்கும் பெரிய சத்திரசிகிச்சை தேவையா? ஜப்பானில் அவ்வாறு பிறகு இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,101 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2017இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டார்கள். குறைந்த புள்ளி பெற்றவர்களில் 2.5 சதவீதமானோருக்கே கணுக்களில் நோய் இருந்தது. நடுத்தரப் பிரிவில் அது 6.7 சதவீதம், உயர்ந்த பிரிவில் 22.7 சதவீதம். முதுமையும் வேறு நோய்களும் உள்ள ஒருவருக்குச் சத்திரசிகிச்சை அவசியமா என்று வைத்தியரும் குடும்பமும் பேசித் தீர்மானிக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

நாட்கள், வாரங்கள், வருடங்கள்

சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை மூன்று காலங்களில் வருகின்றன.

முதல் சில நாட்களில் குருதிப்பெருக்கும் குடற்சுவரில் துளை விழுவதும்தான் ஆபத்துகள். ஜப்பானில் 41 வைத்தியசாலைகள் சேர்ந்து, 2010 யூலை முதல் 2012 யூன் வரை இச்சிகிச்சை பெற்ற 9,616 இரைப்பை நோயாளிகளை ஒரே இணையப் பதிவேட்டில் சேர்த்தன. பின்னர் குருதிப்பெருக்கு ஏற்பட்டது 4.4 சதவீதத்தில், சிகிச்சையின்போது துளை விழுந்தது 2.3 சதவீதத்தில். குருதிப்பெருக்கு வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். தார்போலக் கறுப்பு மலம், குருதி வாந்தி, தலைச்சுற்று, கடுமையான வயிற்று நோவு, காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அஸ்பிரின், வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, தாமாகத் தொடங்கவும் கூடாது.

அடுத்த வாரங்களில் உணவுக்குழாய் நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். சுற்றளவில் முக்கால்வாசிக்கு மேல் உரிக்கப்பட்டிருந்தால், புண் ஆறும்போது குழாய் சுருங்கி விழுங்குவது கடினமாகலாம். சோறு இறங்கவில்லை என்றால் நோய் திரும்பிவிட்டது என்று பயந்து வீட்டில் இருந்துவிடக் கூடாது. சுருக்கத்தை விரித்துச் சரிசெய்ய வழியுண்டு.

வருடங்கள் போகும்போது வருவது வேறு பிரச்சினை. எடுத்த இடத்தில் நோய் மீளலாம். அதே உறுப்பில் வேறோர் இடத்தில் புதுக் கட்டியும் முளைக்கலாம். இரைப்பையும் உணவுக்குழாயும் அகற்றப்படாமல் உள்ளேயே இருப்பது இச்சிகிச்சையின் நன்மை. பின்தொடர்தல் ஆண்டுக்கணக்கில் நீள்வதும் அதனால்தான்.

பின்தொடர்ந்ததால் தெரிந்தவை

மேலே சொன்ன ஜப்பானியப் பதிவேட்டில் ஐந்து வருடங்களின் பின் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 89 சதவீதம். இறந்தவர்களிலும் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது இரைப்பைப் புற்றுநோய் அல்ல, வேறு நோய்கள். இச்சிகிச்சையை நம்பலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

கொரியாவில் சுமார் 400 நோயாளிகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியை மருந்தால் ஒழிக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 7.2 சதவீதமானோருக்குப் புதிய இரைப்பைப் புற்றுநோய் வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 13.4 சதவீதமானோருக்கு வந்தது. கட்டியை எடுத்ததோடு விட்டுவிடாமல், இந்தக் கிருமி இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் பெருங்குடலில் அடினோமாப் பொலிப்புகள் அகற்றப்பட்ட 2,602 பேர் சராசரியாகப் பதினாறு வருடங்கள் வரை பின்தொடரப்பட்டனர். பொதுமக்களின் கணக்குப்படி அவர்களில் 25 பேரளவில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் 12 பேர். 2012இல் வெளியான இந்த முடிவு, பொலிப்பை எடுப்பது உயிரைக் காக்கிறது என்பதைக் காட்டியது.

அவுஸ்திரேலிய வைத்தியர்கள் பெரிய பொலிப்புகளைத் துண்டு துண்டாக எடுத்த நோயாளிகளை மறுபடி அழைத்துப் பார்த்தபோது, முதல் மீள்பரிசோதனையிலேயே 16 சதவீதத்தில் மிச்சம் தென்பட்டது. அதில் பெரும்பகுதியைக் கமரா வழியாகவே அகற்ற முடிந்தது. பிறகு வெட்டிய ஓரத்தைச் சுட்டுவிடும் எளிய முறையைச் சேர்த்து ஒப்பிட்டபோது, மீள்வது 21 சதவீதத்திலிருந்து 5 சதவீதமளவுக்குக் குறைந்தது. நோயாளிகள் திரும்பி வந்ததால்தான் குறை தெரிந்தது.

எப்போது திரும்பிப் போக வேண்டும்?

இரைப்பையில் முழுமையான அகற்றலுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கமராப் பரிசோதனை செய்வது ஜப்பானிய வழமை. பெருங்குடலில் இடைவெளி பொலிப்பைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டலின்படி, சிறிய அடினோமா ஒன்றோ இரண்டோ என்றால் ஏழு முதல் பத்து வருடங்கள். பத்து மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்டதென்றால் மூன்று வருடங்கள். இருபது மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டதும் துண்டுகளாக எடுக்கப்பட்டிருந்தால் ஆறு மாதங்கள். உங்களுக்கான திகதியை உங்கள் வைத்தியரே குறிப்பார்.

நம் கையில் இருக்க வேண்டிய காகிதம்

எந்தப் பதிவேட்டுக்கும் பெரிய சோதனை, தொடர்பு அறுந்துபோகும் நோயாளிகள். வராதவர் நலமாக இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று பதிவேட்டுக்குத் தெரியாது. வராதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் முடிவுகள் உண்மையைவிட அழகாகத் தெரியக்கூடும்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது உயிரைத் தவிர எதையும் எடுத்துவர முடியாத குடும்பங்கள் ஏராளம். கிளினிக் கொப்பியும் பரிசோதனை அறிக்கைகளும் அந்த வீடுகளோடேயே போயின. இன்றும் ஊர், கொழும்பு, வெளிநாடு என்று பிரிந்து வாழும் குடும்பங்களில் ஒருவருடைய மருத்துவ வரலாறு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே கட்டி அகற்றப்பட்டவர்கள் மூன்று ஆவணங்களைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்: கமராப் பரிசோதனை அறிக்கை, நோயியல் அறிக்கை, அடுத்த பரிசோதனைத் திகதி எழுதிய குறிப்பு. மூன்றையும் கைபேசியில் படமெடுத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள். யாழ்ப்பாணமோ தெல்லிப்பழையோ மகரகமவோ, கடல் கடந்த நாடோ, அடுத்த வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்த நோயியல் அறிக்கையைத்தான்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் புகைத்தலும் மதுவும் உணவுக்குழாய்ப் புற்றுநோயின் முக்கிய காரணங்கள். உணவுக்குழாயில் கட்டி எடுத்தவர் இவற்றைத் தொடர்ந்தால், அடுத்த கட்டிக்குத் தானே இடம் கொடுக்கிறார்.

நோவு இல்லை என்பதால் கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம். ஆரம்பக் கட்டி பெரும்பாலும் நோவைத் தருவதில்லை. முதல் கட்டி பரிசோதனையில் அகப்பட்டதுபோல, அடுத்தது வந்தால் அதையும் பரிசோதனைதான் காட்டித்தரும்.