காலியாகாத டேங்க்: கம்பியில் பறக்கும் விமானமும் அதன் டைமரும்

மாதிரி விமானம் என்றதும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஆள்தான் நினைவுக்கு வருவார். ரேடியோவே இல்லாமல், இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானங்களும் உண்டு. இவற்றுக்குக் 'கண்ட்ரோல் லைன்' விமானங்கள் என்று பெயர். பறக்கவிடுபவர் நடுவில் நிற்பார். விமானம் அவரைச் செக்குமாடு மாதிரி சுற்றி வரும். கையிலுள்ள பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு, வாலிலுள்ள எலிவேட்டர் அசையும். மூக்கு மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். வழக்கமான இரண்டு கம்பி முறையில் கட்டுப்பாடு அவ்வளவுதான்.

அப்படியானால் மோட்டாரை நிறுத்துவது யார்? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

தொடக்கம்

1936-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் கம்பிகளால் ஒரு மாதிரி விமானத்தைக் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார். அதே மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் இரண்டு கம்பி முறையைப் பிரபலமாக்கினார். 'ஃபயர்பால்' என்ற விமானத்தை விற்றார், 1942-இல் காப்புரிமையும் பெற்றார். பிறகு லெராய் காக்ஸ் மீது வழக்குப் போட்டார். 1955-இல் நீதிமன்றத்தில் செயின்ட் கிளேரின் பழைய வேலை சாட்சியாக வந்து நின்றது. வாக்கரின் காப்புரிமை செல்லாமல் போனது.

டேங்கே கடிகாரம்

கம்பி இல்லாமல் தன்போக்கில் பறக்கும் 'ஃப்ரீ ஃப்ளைட்' விமானங்களுக்கு டைமர் முன்பே தேவைப்பட்டது. 1934-இல் மேக்ஸ்வெல் பாசெட்டின் பெட்ரோல் விமானம் நியூ ஜெர்சியின் கேம்டனில் கிளம்பி, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து, பக்கத்து மாநிலமான டெலவேரில் போய் இறங்கியது! இப்படி ஓடிப்போகும் விமானங்களுக்காகத்தான் போட்டி விதிகள் முதலில் எரிபொருளின் அளவையும், பிறகு எஞ்சின் ஓடும் நொடிகளையும் கட்டுப்படுத்தின.

கம்பியில் கட்டிய விமானம் எங்கே ஓடிப்போகும்? அதனால் அதற்கு டைமர் தேவைப்படவில்லை. எரிபொருளை அளந்து ஊற்றினால் போதும். டேங்க் காலியானதும் எஞ்சின் நிற்கும், விமானம் சறுக்கி இறங்கும். பல பத்தாண்டுகளுக்கு டேங்கே கடிகாரமாக இருந்தது.

மின்சாரம் வந்தபோது

2000-களில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. கண்ட்ரோல் லைன்காரர்களும் மின்சாரத்துக்கு மாறினார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, சத்தம் குறைவு. ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது: பேட்டரி, டேங்க் மாதிரி காலியாவதில்லை.

லித்தியம் பேட்டரியின் ஒரு செல் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். அதற்கு முன்பே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கருவி மின்சாரத்தைத் துண்டிக்கலாம். எந்த நொடியில் துண்டிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எஃப்2பி என்ற உலக சாகசப் போட்டிப் பிரிவில் விமானம் தலைகீழாகத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் நின்றால்? வேகம் குறையும், கம்பி தொய்யும். கம்பி தொய்ந்தால் கட்டுப்பாடே இல்லை. பல மாத உழைப்பு ஒரு நொடியில் குப்பை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஈ.எஸ்.சி. ரேடியோ ரிசீவருக்காகச் செய்யப்பட்டது. நொடிக்குச் சுமார் 50 தடவை, 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளமுள்ள துடிப்புகள் வந்தால்தான் அது வேலை செய்யும். இங்கேயோ ரிசீவரே கிடையாது.

இரண்டுக்கும் சேர்த்துப் பிறந்த விடைதான் புரோகிராம் செய்யக்கூடிய டைமர். ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சில்லு, "நான்தான் ரிசீவர்" என்று ஈ.எஸ்.சி.யை நம்பவைக்கிறது. பட்டனை அழுத்தினால் பறக்கவிடுபவர் சுமார் 20 மீட்டர் நடந்து பிடியை எடுக்கும்வரை காத்திருக்கிறது. பிறகு மோட்டாரை மெல்ல முடுக்கி, குறித்த நேரம் ஓட்டி, முடியப்போகிறது என்று மோட்டாரின் சத்தத்தை ஒருமுறை மாற்றிக் காட்டிவிட்டு நிறுத்துகிறது. தாமதம், வேகம், நேரம் எல்லாவற்றையும் அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

வரவும் செலவும்

நேரத்தை எப்படி முடிவு செய்வது? இது சாதாரண வரவு செலவுக் கணக்கு. 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 2080 வரை செலவழிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பறந்துவிட்டு சார்ஜ் செய்யும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று சார்ஜரே காட்டும். 2080-ஐத் தாண்டினால் டைமரில் சில நொடிகளைக் குறைக்க வேண்டும். எஃப்2பி-யில் மொத்தம் 7 நிமிடம்தான். அதற்குள் இறங்காவிட்டால் இறங்கியதற்கு மதிப்பெண் கிடையாது. அதனால் நொடிகளுக்கு இரண்டு பக்கமும் விலை உண்டு.

பழைய எஞ்சினின் சாயல்

1940-களின் இறுதியில் வந்த ஃபாக்ஸ் 35 போன்ற எஞ்சின்களிடம் ஒரு குணம் இருந்தது. நேராகப் பறக்கும்போது சோம்பலாக ஓடும், மூக்கு மேலே ஏறியதும் தானாகச் சுறுசுறுப்பாகும். சாகசக்காரர்கள் அதையே நம்பிப் பழகியிருந்தார்கள். மின்மோட்டாரில் முதலில் 'கவர்னர்' முறையில் வேகம் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சில டைமர்களில் முடுக்கத்தை உணரும் சென்சார் சேர்ந்தது. மூக்கு மேலே ஏறினால் அது கூடுதல் சக்தி தரும். புதிய கருவிக்குப் பழைய எஞ்சினின் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள்!

ஆனால் டேங்கிடம் இல்லாத ஓர் ஆபத்து டைமரிடம் உண்டு. பெட்ரோல் எஞ்சினை ஒருவர் கையால் கிளப்ப வேண்டும். டைமரோ நேரம் வந்ததும் யாரையும் கேட்காமல் புரொப்பல்லரைச் சுழற்றும். அப்போது விரல் பக்கத்தில் இருந்தால் போச்சு. பறக்கும்போது இருக்கும் இடத்திலிருந்து மோட்டாரை நிறுத்த முடியாது என்பதால், எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற இரண்டு முடிவுகளையும் பட்டனை அழுத்தும் முன்பே எடுத்தாக வேண்டும். பட்டனை அழுத்தியபின் டைமர் சொன்னதைத்தான் செய்யும்.