பேய் வீட்டின் பட்டா யார் பேரில்?

2024 பிப்ரவரி 15 அன்று ஒரு மலையாளப் படம் வெளியானது. பேர் 'பிரமயுகம்'. முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளை. டான்ஸ் கிடையாது, காமெடி டிராக் கிடையாது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஒரு இடிந்த வீடு, ஓயாத மழை, இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல் நீளம். இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்குத் தியேட்டரில் நிரம்பிய கூட்டமே பதில் சொன்னது. 72 வயதில் மம்மூட்டி அழுக்குப் பல்லைக் காட்டிச் சிரித்த சிரிப்புக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது.

ராகுல் சதாசிவன் இயக்கிய படம் இது. தயாரித்தவர்களில் ஒருவர் சஷிகாந்த். 'தமிழ்ப்படம்', 'இறுதிச்சுற்று', 'விக்ரம் வேதா' எடுத்த அதே ஒய்நாட் ஸ்டுடியோஸ்காரர். பேய்ப் படங்களுக்காகவே தனியாக நைட் ஷிப்ட் ஸ்டுடியோஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் பேரில் வந்தது பிரமயுகம். ஆக, கேரளத்துக் கதை, சென்னைத் தொடர்பு. இது தற்செயல் மாதிரி தெரியும். ஆனால் இந்தக் கறுப்பு வெள்ளை இருட்டுக்கும் சென்னைக்கும் அறுபது வருடப் பழக்கம் உண்டு.

இருட்டைக் கற்றுக் கொடுத்த ஊர்

இந்தியச் சினிமாவில் 'பாழடைந்த மாளிகை, வெள்ளைப் புடவை, தூரத்தில் ஒரு பாட்டு' என்ற பார்முலாவை நிலைநிறுத்திய படம் 1949ல் வந்த இந்திப் படம் 'மஹல்'. கமால் அம்ரோஹி இயக்கம், அசோக் குமாரும் மதுபாலாவும் நடிப்பு. ஒளிப்பதிவு ஜோசப் விர்ஷிங் என்ற ஜெர்மன்காரர். வெளிச்சத்தைக் குறைத்து நிழலைப் பேச விடும் ஜெர்மன் பாணி இப்படித்தான் நம் ஊர்ப் படங்களுக்குள் நுழைந்தது.

தமிழில் அதே இருட்டை அழகாகக் கையாண்ட படம் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). கல்யாண்குமார், தேவிகா, நம்பியார். ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான், ஜமீன்தார் பிரிக்கிறார், காதலர்கள் அடுத்த பிறவி எடுத்து வருகிறார்கள். அந்த ஜமீன்தார் மட்டும் இன்னொரு பிறவி எடுக்கவில்லை. நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் அவர்களுக்காகக் காத்திருக்கிறார்! இதன் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட், கோழிக்கோட்டில் பிறந்து சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் தொழில் கற்றவர். 'கல்யாணப் பரிசு', 'காதலிக்க நேரமில்லை' படங்களின் கேமராவும் அவர்தான்.

அடுத்த வருடமே, 1964ல், வின்சென்ட் முதன்முதலாக ஒரு படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் திரைக்கதை எழுதிய 'பார்கவி நிலையம்'. மலையாளத்தின் முதல் பேய்ப் படம் என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான். சென்னை ஸ்டுடியோவில் நிழலைக் கையாளக் கற்ற ஒரு மனிதர் அதை மலையாளத்துக்குக் கொண்டு போனார். அறுபது வருடம் கழித்து அந்த நிழல் பிரமயுகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

பழைய பாணியை மறுபடி எடுப்பதில் இரண்டு வகை உண்டு. 2023ல் ஆஷிக் அபு பார்கவி நிலையத்தின் கதையையே 'நீலவெளிச்சம்' என்று கலரில் திரும்ப எடுத்தார். அது கதையை மறுபடி சொல்வது. பிரமயுகம் வேறு வகை. கதை புதிது, சொல்லும் விதம் பழையது. 2025ல் வந்த தமிழ்ப் படம் 'காந்தா'வும் 1950களின் மெட்ராஸில் ஒரு பேய்ப் படம் உருவாகும் கதைதான். பழைய பேய்க்கு மவுசு கூடிவிட்டது என்பது தெளிவு. ஆனால் வெறும் மவுசு தானா?

பேய்க்குப் பின்னால் சொத்து

நம் பேய்ப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பேய் எப்போதும் யாருடைய சொத்திலாவதுதான் நிற்கிறது.

'மஹல்' படத்துப் பேய், கடைசியில் அந்த மாளிகைத் தோட்டக்காரரின் மகள். 1964ல் வந்த 'வோ கௌன் தீ' படம் 1966ல் தமிழில் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிக்க 'யார் நீ?' ஆனது. அங்கும் பேய் இல்லை. கதாநாயகனைப் பைத்தியமாக்கிச் சொத்தை அடிக்கச் செய்த சதி. அந்தக் காலத்துப் பேய்களுக்கு ஆயுள் கிளைமாக்ஸ் வரைதான். போலீஸ் வரும், வேஷம் கலையும், சொத்து உரிய வாரிசிடம் போய்ச் சேரும், சுபம். சொத்து வைத்திருப்பவன் நல்லவன், பறிக்க வருபவன் பேய் வேஷம் போடுகிறவன் என்பது கணக்கு.

2011ல் வந்த 'காஞ்சனா' இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. இங்கே பேய் நிஜம். நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையான திருநங்கைதான் பேய், பறித்தவன் எம்.எல்.ஏ. அதாவது சொத்தை இழந்தவர் பேயாக வருகிறார். தியேட்டர் கைதட்டியது.

பிரமயுகம் மூன்றாவது வகை. இங்கே பேய் சொத்தைப் பறிக்க வந்தவனும் இல்லை, பறிகொடுத்தவனும் இல்லை. வீட்டுக்காரரேதான்!

வேடிக்கை என்னவென்றால், படம் வெளியாகும் முன்பே நிஜத்திலும் ஒரு வீட்டுப் பிரச்னை வந்தது. மம்மூட்டி பாத்திரத்துக்கு முதலில் வைத்த பேர் குஞ்சமண் போற்றி. அது எங்கள் இல்லத்தின் பேர், களங்கம் வரும் என்று ஒரு குடும்பத்தினர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பேர் கொடுமண் போற்றி என்று மாறியது. வீட்டின் பேர்கூடச் சொத்துதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

பாணன் கதவைத் தட்டுகிறான்

கதை 17ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. போர்த்துகீசியர் காலத்து அடிமை வியாபாரத்தில் சிக்காமல் காட்டு வழியே தப்பி ஓடுகிறான் தேவன் என்ற பாணன். பசி. ஒரு பாழடைந்த மனையின் வாசலுக்கு வந்து சேர்கிறான். உள்ளே போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும். போற்றி இவனை வரவேற்று, பாடச் சொல்லிக் கேட்டு, சோறு போடுகிறார்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்ட வேண்டும். பசியோடு நடக்கும் பாணன், அவனை எதிர்கொண்டு விருந்து வைக்கும் வள்ளல். இது ஆற்றுப்படை! பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை அனுப்பி வைக்கும் பாட்டு. வழியில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் சொல்கிறது. அந்தத் துறைமுகம் இன்றைய மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் பாணன் நடந்தபோது அவனுக்குப் பரிசில் கிடைத்தது. படத்தில் நடக்கும் பாணனுக்குக் கிடைப்பது வேறு.

போற்றி பகடை விளையாடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்கிறான் தேவன். உன் நேரம் இருக்கிறதே, அதை வை என்கிறார் போற்றி. தோற்கிறான். அன்றிலிருந்து அவனுடைய நேரம் அவனுடையது இல்லை. வாசல் திறந்துதான் கிடக்கிறது. போகத்தான் முடியாது.

படத்தின் மொத்தப் பயமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. திடீரென்று ஒரு முகம் பாய்வதில் இல்லை. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒரே தாழ்வாரம், ஒரே சமையல்கட்டு, ஒரே சிரிப்பு என்று திரும்பத் திரும்பக் காட்டும்போது, எத்தனை நாள் போனது என்று தேவனுக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. படம் மெதுவாகப் போகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் நேரத்தைப் பறிகொடுத்தவன் கதையை வேகமாக எப்படிச் சொல்வது?

செங்கல்பட்டுக் கணக்கு

நேரத்தைப் பணயம் வைப்பது மந்திரவாதக் கற்பனை என்று நினைத்தால், சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டையும், வேலைப்பாடு மிகுந்த கல்லறைகளும் இன்றும் இருக்கின்றன. போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். பழவேற்காட்டில் 1610லேயே கால் பதித்த டச்சுக் கம்பெனி, இந்தச் சோழமண்டலக் கரையில் துணி மட்டும் வாங்கவில்லை. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் ஆட்களையும் வாங்கியது. 1659 முதல் 1661 வரையிலான பஞ்ச காலத்தில் மட்டும் தமிழகத்துக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். தேவன் தப்பி ஓடும் அதே நூற்றாண்டு!

கப்பல் ஏறாதவர்களின் கதி? அதற்கு ஒரு சாட்சி 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை. இந்த மாவட்டத்துத் தலித் மக்களைப் பற்றியது. 1843ல் அடிமை முறையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் வந்து, 1860ன் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாகவும் ஆக்கிய பிறகும், படியாள் முறை நடந்துகொண்டிருந்தது. கல்யாணச் செலவு போன்றவற்றுக்கு மிராசுதாரிடம் ஒரு சின்னத் தொகை முன்பணம். அதற்கு ஈடு, வாங்கியவரின் உழைப்பு. கூலியோ வயிற்றுக்கே போதாது. அசல் எப்படி அடையும்? காலம் முழுக்க வேலை செய்தும் கடன் அப்படியே நிற்கும். குடிசை போட்டிருந்த மண்ணும் மிராசுதாருடையது என்பதால் கோபித்துக்கொண்டு வெளியே போனால் வீடும் போச்சு.

வட்டிக் கணக்கு போடத் தெரிந்த யாருக்கும் இது புரியும். திருப்பிக் கட்டவே முடியாதபடி அமைத்த கடன், கடன் இல்லை. அது பூட்டு. போற்றியின் பகடையும் மிராசுதாரின் முன்பணமும் ஒரே பேரேட்டில் இரண்டு பதிவுகள். இரண்டிலும் சங்கிலி கிடையாது, நீயே ஒத்துக்கொண்டாய் என்ற ஒரு பேச்சு மட்டும்.

அந்த அறிக்கையின் விளைவாக 1892ல் அரசு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், காலப்போக்கில் பெருமளவு கை மாறிப் போனது. நூறு வருடம் கழித்து அதைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் போராட்டம் வெடித்தது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

ஏன் கறுப்பு வெள்ளை?

17ஆம் நூற்றாண்டில் சினிமா கிடையாது. ஆக, கறுப்பு வெள்ளை அந்தக் காலத்தின் நிறம் இல்லை. அது 1960களின் நிறம். முந்நூறு நானூறு வருடப் பழைய கதையை அறுபது வருடப் பழைய உடையில் எடுக்க என்ன அவசியம்?

ஒரு பதில், பயத்தைப் பற்றிய நம் ஞாபகமே அந்தப் படங்களிலிருந்து வந்தது என்பது. இன்னொரு பதில் இன்னும் முக்கியம். மழை, தோப்பு, ஓடு வேய்ந்த மனை என்று கலரில் எடுத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு சுற்றுலா விளம்பரம் வந்துவிடும். தங்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். பச்சையை உருவி எடுத்ததும் மிஞ்சுவது பாசியும் சேறும் உளுத்த மரமும். பழம்பெருமை என்று நாம் பூ வைத்துக் கும்பிடும் ஒரு வீடு, அதில் வேலை செய்தவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ அப்படித் தெரிகிறது.

இதில்தான் பிரமயுகம் தன் முன்னோர்களிடமிருந்து பிரிகிறது. வின்சென்ட் காலத்து நிழலை வாங்கிக்கொண்டது, ஆனால் அந்தக் காலத்து முடிவை வாங்கவில்லை. போலீஸ் வரவில்லை, வாரிசுக்கு வீடு கிடைத்ததும் சுபம் போடவில்லை. முடிவைச் சொல்லிப் பார்க்காதவர்களைக் கெடுக்க வேண்டாம். இவ்வளவு சொல்லலாம்: ஆள் மாறுகிறான், அதிகாரம் அப்படியே இருக்கிறது.

'நெஞ்சம் மறப்பதில்லை' ஜமீன்தார் நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் இருந்தபோது ஜனங்கள் நம்பியாரின் மேக்கப்பைப் பாராட்டினார்கள். அது வெறும் மேக்கப் இல்லை என்று காரணைக்காரர்களுக்குத் தெரியும். பட்டாவில் பேர் மாறும்வரை சில பேய்கள் சாவதில்லை.