புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது உடன் கொண்டு வந்தவை எவை என்று மாணவர்களைக் கேட்டால், மாரியம்மன் வழிபாடு, கும்மி, கோலாட்டம், தாலாட்டு என்று அடுக்கிச் சொல்வர். சோற்றுப் பானையைச் சொல்வார் இலர். அன்றாடம் காண்பதில் வரலாறு இருக்குமென்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், இந்நாட்டு மருத்துவ வரலாற்றின் சிறந்ததோர் அத்தியாயம் அந்தப் பானையோடு தொடர்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 'பெரிபெரி' என்னும் நோய் மலாயாவை வாட்டியது. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடல் வற்றும். வேறு சிலருக்குக் காலும் முகமும் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் செயலற்று நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளாயினர். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும்கூட அது பரவி நின்றது. கிருமியே காரணம் என்றனர் சிலர். ஈர மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்று என்றனர் வேறு சிலர்.

அப்போது நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் என்பார் ஓர் உண்மையைக் கண்டார். ஒரே மண்ணில், ஒரே மழையில் வாழ்ந்தும் தமிழ்த் தொழிலாளரை இந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. கம்பங்களில் தம் நெல்லைத் தாமே அவ்வப்போது குத்திச் சமைத்த மலாய்க்காரரும் தப்பினர். வேறுபாடு எங்கே? உண்ட அரிசியில் என்றார் அவர். சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் நன்கு தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. 1907ஆம் ஆண்டில் தம் கருத்தைப் பெருநூலாகவே வெளியிட்டார். நாட்பட்ட பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பிழையே. எனினும், அவர் சுட்டிய திசை சரியானது.

கருத்து மெய்ப்பிக்கப்பட வேண்டுமன்றோ? கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டு டிசம்பர் தொடங்கி 1906ஆம் ஆண்டு இறுதிவரை மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினர்க்குச் சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் நீங்க, இரு பிரிவினரையும் கூடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. தம் நிலையைத் தாமே உணர இயலாத அந்நோயாளிகளின் இசைவை எவரும் கேட்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. நாம் பெற்ற அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

அடுத்து, 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907ஆம் ஆண்டில் ஜெலுபு மாவட்டத்துக் காட்டுக்குள் சென்றனர். அங்கே சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்குப் பச்சரிசியும் மறு சாரார்க்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினர். மூன்று மாத அளவில் பச்சரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது! அரிசியைத் தீட்டுகையில் உதிரும் தவிட்டில்தான் உயிர் காக்கும் பொருள் உள்ளது என்று கோழிகளைக் கொண்டு மேலும் ஆய்ந்து தெளிந்தனர். சாவகத் தீவில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர் முன்பே கோழிகளிடம் கண்டதை இவ்வாய்வுகள் மனிதரிடம் உறுதி செய்தன. 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியையே இடைவிடாது முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என ஏற்றது. 1912ஆம் ஆண்டில் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரைப் படைத்தார். தவிட்டில் இருந்த சத்தே இன்று வைட்டமின் பி1 அல்லது தயமின் எனப்படுகிறது.

புழுங்கல் அரிசி எவ்வாறு காத்தது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேற்தோலிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உட்புறம் சென்று படிகிறது. பின்னர் உலர்த்தித் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியிலோ, தவிடு போனால் சத்தும் போயிற்று. நம் உடல் இச்சத்தைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. ஆகவே நாள்தோறும் உண்ணும் சோறே நாள்தோறும் காக்க வேண்டும். சோற்றோடு சேர்ந்த பருப்பிலும் இச்சத்து உண்டு.

இதனால் நம் முன்னோர் அனைத்தும் அறிந்தோர் என்று மார்தட்டிக் கொள்ளுதல் கூடாது. அவர்கள் வைட்டமினை அறியார். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசி, பழகிய சோறு என்பதனாலேயே அவர்கள் உலையில் ஏறியது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டத்து லயங்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டு போயின. அவற்றைத் தடுக்கப் பானையால் இயலவில்லை. ஆனால், தன்னால் இயன்ற ஒன்றை அது குறையாமல் செய்தது.

அந்த உலை அணைந்த காலமும் உண்டு. சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, பெரிபெரியும் தலைதூக்கியது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவரை வாந்திபேதி, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றோடு இந்நோயும் வாட்டியது. வீட்டு அடுப்பிலிருந்து பிரிக்கப்பட்ட மனிதன் எத்துணை எளிதில் வீழ்கிறான் என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இனி, என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். பிரட்டுக்கு ஆள் கூடுமுன் எழுந்து, புழுங்கல் அரிசி உலை வைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர் என் அன்னை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபின், விடுதியில் வெள்ளை வெளேரென்ற மெல்லிய சோறு உண்டு பழகினேன். விடுமுறையில் வீடு திரும்பியபோது தட்டிலிருந்த தடித்த சோறு எனக்கு நாணத்தை உண்டாக்கியது. "இந்தக் காலத்தில் யாரம்மா இதை உண்கிறார்கள்?" என்றேன். அவர் வாதிடவில்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்றார். அடுத்த வாரமே அரிசி மாறியது.

படித்த பிள்ளையாகிய நான் வைட்டமின்களின் பட்டியலைத் தேர்வுக்காக மனனம் செய்தவன். பெரிபெரி என்னும் சொல்லும் அதில் இருந்தது. ஆனால், அந்நோயின் புதிர் அவிழ்ந்தது இந்நாட்டு மண்ணில் என்பதையும், விடை என் அன்னையின் பானையில் இருந்தது என்பதையும் அறியாதிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து, எனக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன நாளில்தான் உணவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இவ்வரலாற்றை அறிந்தபோது அன்னை இல்லை.

இன்றைய நம் நோய் வேறு. அன்று சத்துக் குறைவு கொன்றது. இன்று மிகுதி கொல்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேர்க்கு நீரிழிவு உண்டு என்றது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. புழுங்கல் அரிசிக்கு மாறினால் அனைத்தும் தீரும் என்று நான் சொல்லவில்லை. அளவின்றி உண்டால் எவ்வரிசியும் தீங்கே. ஆனால், வீட்டில் சமைப்பவர்க்கு எவ்வரிசி, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை என்று தேரும் உரிமை கையிலிருக்கிறது. காலையில் கடைச் சோற்றுப் பொட்டலமும் இனிப்புத் தேநீருமாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அவ்வுரிமையை முன்கூட்டியே பிறர் எடுத்துக்கொண்டனர்.

காரணம் அறியாத பழக்கம் ஒரு சொல்லில் உதிர்ந்துவிடும். என் வீட்டில் அவ்வாறே உதிர்ந்தது. ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, அறிவியல் பாடத்தில் வைட்டமின் பி1 வரும் நாளில் ஒரு பிடி பச்சரிசியையும் ஒரு பிடி புழுங்கல் அரிசியையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். ஜெலுபுக் காட்டின் கதையைச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், அவர் எதை, எப்படிச் சமைத்தார் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். கேட்க வேண்டியவரைக் கேட்க வேண்டிய காலத்தில் கேட்காதவன் சொல்கிறேன்.