வட்டு நிரம்புமுன் ஒரு மின்னஞ்சல்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் நான் பதிவுசெய்த குரல்கள் வாடகைச் சேவையகமொன்றில் இருக்கின்றன. ஒருநாள் அதன் வட்டு நிரம்பி, தாயொருவரின் பதிவு பாதியோடு நின்றது. கைபேசியில் இருந்ததை ஏற்கனவே அழித்துவிட்டிருந்தேன். அவரிடம் மறுபடி சொல்லச் சொல்ல மனம் வரவில்லை. அதன்பிறகே எச்சரிக்கை ஸ்கிரிப்ட் எழுதினேன்.

பைத்தனுடன் வரும் நூலகங்களே போதும். 'ஷட்டில்' நூலகத்தின் 'டிஸ்க் யூசேஜ்' மொத்த இடம், பயன்படுத்திய இடம், மீதி ஆகியவற்றை பைட் கணக்கில் தரும். பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டினால் 'எஸ்எம்டிபிலிப்' வழியாக மின்னஞ்சல் அனுப்பலாம். 587ஆம் போர்ட்டில் இணைந்து, 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' மூலம் இணைப்பைக் குறியாக்கிய பின்னரே கடவுச்சொல்லைக் கொடுங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, அதன் அனுமதியை 600 ஆக்குங்கள். 'கிரான்' மூலம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை இயக்குங்கள்.

ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் கண் பழகிவிடும். முந்தைய நிலையைக் கோப்பொன்றில் குறித்து, நிலை மாறும்போது மட்டும் அனுப்பச் செய்யுங்கள்.

சேவையகமே நின்றுபோனால் எச்சரிக்கையும் வராது. ஆகவே தினமும் காலையில் 'நலம்' என்றொரு மின்னஞ்சலும் வரச்செய்துள்ளேன். அது வராத காலையில், முதல் வேலையாகச் சேவையகத்தைப் பார்க்கிறேன்.