பூமி சொல்லிக்கொண்டு அசைவதில்லை



நம்ம கீரனூர்ப் பக்கமெல்லாம் நிலநடுக்கம் எங்கே வரப்போகுது என்று சொல்லுவாங்க. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறக்குறைய 6 அளவுக்குப் பூமி அசைந்தது. தென்னிந்தியாவில் பல ஊர்களில் அது உணரப்பட்டது.

அதற்குச் சற்று முன்புதான், 1897 ஷில்லாங் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, நம் நாட்டில் நடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளை வைக்கத் தொடங்கினார்கள். கல்கத்தாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று, மற்றொன்று நம்ம கொடைக்கானல் மலையில். ஆனால் அந்தக் கருவி மழைமானி மாதிரி. பெய்ததை அளக்கும், நாளைக்குப் பெய்யுமா என்று சொல்லாது.

ஆடு மாடு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் என்பார்கள். சீனாவில் 1975-ல் ஹைசெங் பகுதியில் முன்னோடியாக வந்த சிறு அதிர்வுகளைக் கண்டு மக்களை வெளியேற்றிப் பல உயிர்களைக் காத்தார்கள். மறு வருஷமே தாங்ஷான் நகரத்துக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஜப்பானில் 2007 முதல் நாடு முழுவதும் எச்சரிக்கை தருகிறார்கள். முதலில் வரும் மெல்லிய அலையைக் கருவி பிடித்து, பின்னால் வரும் பலத்த அலைக்கு முன் தகவல் சொல்லும். கிடைப்பது சில விநாடிதான்.

அப்போ உயிரைக் காப்பது எது? சுவர்தான். 1993 செப்டம்பர் 30 விடிகாலை மகாராஷ்டிரத்தில் லாத்தூர் அருகே கில்லாரியில் வந்த நடுக்கம், 1900-ல் இங்கே வந்ததைவிட ரொம்பப் பெரியதல்ல. ஆனாலும் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். சேற்றில் கல் அடுக்கிய தடித்த சுவரும் கனமான மண் கூரையும் தூங்கினவர்கள் மேல் சரிந்தன.

ஆகவே வீடு கட்டுகிறவர்கள், கதவு ஜன்னலுக்கு மேலே நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட் கட்டாயம் போடுங்கள். கல் சுவரானால், சுவரின் முழு அகலத்துக்கும் போகிற நீளக் கல்லை இடையிடையே வையுங்கள்.

நடுக்கம் நின்ற பிறகு விரிசல் விட்ட வீட்டுக்குள் போகக் கூடாது, மறுபடியும் அசையும். கிணற்றில் கழிவுநீர் கலந்திருக்கலாம். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். கிணற்றுநீர் தெளிந்ததும், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து இறையுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கூட்டிப் போங்கள்.

புது வீட்டுக்கு வானம் தோண்டுமுன் கொத்தனாரிடம் அந்தப் பெல்ட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள்.